யாழ்ப்பாணத்தில் காட்டு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக் காலைகளில் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு குடாநாட்டின் காடு, கடற்கரை, தரவை என்று நடக்கப் போவது எனக்கு வழக்கம். வருகிற ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. லண்டனிலிருந்து லீவில் வந்த மச்சாளும் பக்கத்து வீட்டு ரீச்சரும் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பிறகு.

காடு எண்டு சொல்லுறியள். யாழ்ப்பாணத்திலை எங்கை காடு இருக்கு?

தெற்கிலுள்ள சிங்கராஜா மழைக்காடு மாதிரி வானத்தை மூடுகிற மரமும் அருவியும் இங்கே இல்லை. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல் தட்டு. மலை கிடையாது. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கிவிடுவதால் ஆறும் கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடும்.

ஆனால் இந்தத் தட்டையான நிலத்துக்குள் காடு எத்தனை விதம் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். நன்னீர் எங்கே நிற்கிறது, உவர் எங்கே ஏறுகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடனீரேரிக் கரையில் உவர்ச் சேற்றில் வளர்கிற கண்டல். கொஞ்சம் மேடேறினால் உடையும் ஈச்சையும் விளாவும் கலந்த பற்றைக்காடு. மணல் குவிந்த கரையில் தாழையும் சவுக்கும். ஊர்ப்பக்கம் பனங்கூடல். தீவுகளில் மரமே இல்லாத புல்வெளியான தரவை. விடியப் புறப்பட்டால் இவற்றில் மூன்றைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். இவ்வளவு கிட்டக் கிட்ட இவ்வளவு மாற்றம் இருப்பதைத்தான் நான் இந்த மண்ணின் பெரிய கொடையாக நினைக்கிறேன்.

நாங்கள் நடந்து பழக்கமில்லை. ஆகச் சுகமான இடத்தைச் சொல்லுங்கோ.

சுண்டிக்குழியில் கச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழைய பூங்காவில் தொடங்குங்கள். 1829 முதல் 1867 வரை வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை வாழ்ந்த வளவு அது. பட்டணத்தின் நடுவே பெரிய பழைய மரங்களின் நிழலில் நடக்கலாம். களைத்தால் உடனே உட்காரலாம், வேண்டாமென்றால் உடனே வீட்டுக்குப் போகலாம். முதல் நடைக்கு அந்த நிம்மதி முக்கியம்.

அடுத்தது காரைநகர் கசூரினா கடற்கரை. சவுக்கு நிழலும் ஆழமில்லாத கடலும். ஈர மணல் காலுக்கு இறுக்கமாக இருக்கும், புதையாது. கோவளம் வெளிச்சவீட்டுப் பக்கமாக நடந்து திரும்பலாம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் சனம் கூடிவிடும், காலமையே போய்விடுங்கள்.

அப்பா சக்கர நாற்காலியிலை. அம்மாவுக்கு முழங்கால் நோ. எங்களுக்கு ஏதும் இருக்கோ?

இருக்கிறது. இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள், தயங்கவே வேண்டாம். பண்ணைக் கடற்கரையோர நடைபாதையும் ஆரியகுளத்தைச் சுற்றியுள்ள பாதையும் சமதளமானவை. அங்கே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பழைய பூங்காவில் மண் தரை உண்டு, மழைக்கு அடுத்த நாள் சில்லு புதையும்.

பறவை பார்க்க ஆசை என்றால் கப்பூது வீதிக்குப் போங்கள். தொண்டைமானாற்றுக் கடனீரேரியை ஊடறுத்துப் போகிற வீதி அது. இரண்டு பக்கமும் தண்ணீர். வானை ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டால் அப்பா இருந்த இடத்திலேயே கூழைக்கடாவையும் நாரையையும் பார்ப்பார். தண்ணீர் நிற்கிற காலத்தில் பூநாரைக் கூட்டமும் வந்து இறங்கும். ஒரு பைனாகுலர் கொண்டு போங்கள். ஆடி அசைந்து நடந்து வருகிற நாங்கள்தான் பறவையைக் கலைத்துவிடுகிறோம். வாகனத்துக்குள் இருப்பவருக்கு அவை இன்னும் கிட்டவாகத் தெரியும். ஒரே கவனம், வீதி ஒடுக்கம். மற்ற வாகனம் போக இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

எந்த மாசம் வந்தால் நல்லது?

தையும் மாசியும். மழை விட்டிருக்கும், குளமும் கடனீரேரியும் நிரம்பியிருக்கும், வலசை வந்த பறவைகள் இன்னும் நிற்கும், வெயிலும் கொல்லாது. மாரி மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். அந்த நாட்களில் தரவையும் சதுப்பும் முழங்கால் தண்ணீரில் கிடக்கும்.

பங்குனி, சித்திரை ஆகக் கஷ்டமான காலம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும், மத்தியானத்தில் உங்கள் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் இப்படித்தான். வைகாசிக்குப் பிறகு சோளகம் பிடித்துவிட்டால் காற்று நன்றாக வீசும், வேர்வை தெரியாது. அதை நம்பித் தண்ணீர் குடிக்காமல் நடந்து மயங்கினவர்கள் உண்டு. பருத்தித்துறைப் பக்கத்து மணற்காட்டுக் கடற்கரையில் அந்தக் காற்று மணலையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். ஆவணியில் பனங்கூடலுக்குள் நடந்தால் பழுத்த பனம்பழத்தின் மணம் ஊரையே தூக்கும், ஆனால் மரத்துக்கு நேர்கீழே நிற்காதீர்கள். தலையில் விழுந்தால் பகிடியில்லை.

காலமை எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்?

விடிகிற நேரத்தில் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடலாம். பத்து மணிக்குப் பிறகு நிழல் இல்லாத இடத்தில் நடக்க நான் ஒருவரையும் கூட்டிப் போவதில்லை. பின்னேரம் என்றால் நாலரைக்குப் பிறகு தொடங்கி, இருட்ட முன்னம் வாகனத்துக்கு வந்துவிட வேண்டும்.

எத்தனை கிலோமீற்றர்? எங்களாலை ஏலுமோ?

மலைநாட்டில் ஏற்றத்தைப் பார்த்து நடையின் கஷ்டத்தைச் சொல்வார்கள். இங்கே கிலோமீற்றரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. கால் எதை மிதிக்கிறது, தலைக்கு மேல் என்ன இருக்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். தார் வீதியில் சவுக்கு நிழலில் நாலு கிலோமீற்றர் ஒன்றுமே இல்லை. அதே நாலு கிலோமீற்றர் காய்ந்த மணலில் வெயிலுக்குள் என்றால் நல்ல இளந்தாரிக்கும் நாக்கு வறளும்.

நான் ஆட்களைப் பார்த்து இப்படித்தான் பிரிப்பேன் (இன்னும் சொல்லாத இடங்களைப் பற்றிக் கீழே வரும்). வயதானவர்கள், நோய் உள்ளவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள்: பூங்கா, பண்ணை, கப்பூது. நடக்கக் கூடியவர்கள், ஆனால் பழக்கமில்லை: கசூரினா, சரசாலை. வெயிலையும் மணலையும் தாங்குவோம் என்பவர்கள்: மணற்காடு. ஒரு முழு நாளை ஒதுக்கக் கூடியவர்கள்: நெடுந்தீவு, சுண்டிக்குளம். வீட்டில் ஆகக் களைப்பவர் யாரோ அவருக்கு ஏற்ற இடத்தைத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

மணற்காட்டுக்கு எப்பிடிப் போறது? அங்கை அப்பிடி என்ன இருக்கு?

பருத்தித்துறைப் பக்கம் போய் வல்லிபுரத்தைத் தாண்டி, குடத்தனையால் திரும்பிக் கடற்கரைக்கு வர வேண்டும். பஸ்ஸில் வந்து மிச்சத்துக்கு ஓட்டோ பிடிக்கலாம். காரில் வருகிறவர்கள் தார் முடிகிற இடத்தோடு நிறுத்திவிடுங்கள், மணலில் புதைந்தால் இழுத்தெடுக்க ஆள் தேட வேண்டும்.

முதலில் சவுக்கங்காடு. உள்ளே நுழைந்ததும் கடலா காற்றா என்று பிரித்தறிய முடியாத ஓர் இரைச்சல் கேட்கும். கீழே உதிர்ந்த சவுக்கு ஊசிகள் மெத்தை மாதிரி, ஆனால் சரிவில் வழுக்கும். காட்டைக் கடந்தால் மணல் கும்பிகள். அவற்றுக்கிடையே மணலால் பாதி மூடுண்டு கூரையில்லாமல் நிற்கிற பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். 2004 சுனாமி இந்தக் கரையை மோசமாக அடித்தது, இறந்தவர்களின் கல்லறைகளும் இந்த மணலுக்குள்தான். ஆரவாரம் இல்லாமல், சிலுவைகளில் சாயாமல் கடந்து போங்கள். அவர்களின் சொந்தங்கள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.

மணலில் வளர்கிறவற்றைக் குனிந்து பாருங்கள். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும். இராவணன் மீசையின் இலை நுனி ஊசி. அதன் காய்க்கொத்து, உள்ளங்கை அகலத்துக்கு முள்ளுப் பந்தாக, முற்றியதும் காம்பு விட்டுக் காற்றில் உருண்டு போகும். முள் நுனியில் நின்று துள்ளித் துள்ளிப் போவதைச் சின்னவர்கள் துரத்திக்கொண்டே போவார்கள். இந்தச் செடிகள் இல்லாவிட்டால் கும்பி நிற்காது, கும்பி இல்லாவிட்டால் நன்னீர் நிற்காது. பெய்த மழையை உள்ளே தேக்கி வைத்து, கடலுக்கு இவ்வளவு கிட்டவும் கிணற்றில் குடிக்கக் கூடிய தண்ணீர் தருவது இந்த மணல்தான். மண் அள்ளுகிறவர்கள் அதைக் கிளறிப் போட்ட பள்ளங்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

வல்லிபுரக் கோயிலையும் சேர்த்துப் போகலாமோ?

சேர்த்துத்தான் போக வேண்டும். அங்கே ஆழ்வார் என்று அழைக்கப்படும் விஷ்ணுவைக் கும்பிட்டுவிட்டு நடையைத் தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே சனம் அதிகம், அமைதியாக நடக்க விரும்பினால் வேறு நாள் பாருங்கள். 1936 இல் எழுத்துப் பொறித்த பொன்னேடு கிடைத்ததும் இந்த வல்லிபுரத்தில்தான். ஆகவே நீங்கள் மிதிக்கிற மணல் மிகப் பழைய குடியிருப்பின் மேல் கிடக்கிறது. ஓட்டுத் துண்டு கிடந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுங்கள். புரட்டாதியில் சமுத்திரத் தீர்த்தத்துக்கு சுவாமியோடு கற்கோவளக் கடலுக்குச் சனம் மணலில் நடக்குமே, எங்கள் ஊரின் மணல் நடைக்கு அதைவிடப் பெரிய பாரம்பரியம் எது?

கண்டல் காட்டுக்குள்ளை நடக்கலாமோ? சேறுதானே?

உள்ளே இறங்க வேண்டாம், கரையோடு நடந்தால் போதும். தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு அதற்கு நல்ல இடம். வீதியிலிருந்து பெரிய தூரம் இல்லை. காலமையில் கொக்கும் நாரையும் மரமே வெள்ளையாகும்படி இருக்கும். சத்தம் போட்டால் எல்லாம் ஒரேயடியாக எழும்பிவிடும். கூடு கட்டுகிற காலத்தில் அப்படி எழுப்புவது பாவம், முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும்.

சேற்றுக்குள் ஏன் இறங்கக் கூடாது என்றால், கண்டலில் ஒரு வகையான கண்ணா மரத்தைச் சுற்றி நிலத்திலிருந்து விரல் தடிப்பில் மூச்சு வேர்கள் நூற்றுக்கணக்கில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றால்தான் மூச்சு விடுகிறது. மிதித்தால் அதற்கும் கேடு, வெறுங்காலுக்கும் கேடு. கண்ணா இலை ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். வெயில் காலத்தில் உப்புப் பொடி விரலில் ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். வேரால் வந்த உப்பை இலையால் வெளியே தள்ளுகிற மரம் அது. ஆனால் எல்லா மரத்தையும் இப்படித் தொடாதீர்கள். தில்லையும் அங்கேதான் நிற்கும். கிளையை முறித்தால் பால் வடியும், அது தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. மரம் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள்.

செருப்போடை வரலாமோ, சப்பாத்து வேணுமோ?

கசூரினாவுக்கும் பூங்காவுக்கும் செருப்பு போதும். மற்ற இடங்களுக்கு விரலை மூடுகிற பழைய சப்பாத்து. உடை முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலுக்கு வரும், தீவுப்பகுதியில் முருகைக்கல் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். புதுச் சப்பாத்தை நடைக்கு முதல் நாள் வாங்கிப் போட்டு வராதீர்கள்.

தண்ணி, சாப்பாடு என்ன கொண்டுவாறது?

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். நெடுந்தீவு, சுண்டிக்குளம் என்றால் மூன்று. போகிற இடத்துக் கிணற்றை நம்ப வேண்டாம், பல இடங்களில் உவர். மோருக்குக் கொஞ்சம் உப்புப் போட்டுப் போத்தலில் கொண்டு வந்தால் வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை. சாப்பிட அவித்த கடலை, வாழைப்பழம், ஒரு பனங்கட்டித் துண்டு. சோற்றுப் பார்சல் வேண்டாம், சாப்பிட்டால் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். கொண்டு வந்த பொலித்தீன் உங்களோடேயே திரும்ப வர வேண்டும். தரவையில் கட்டாக்காலி மாடுகள் அதைத் தின்றுவிட்டு வயிறூதிச் சாகின்றன.

சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாமோ?

தாராளமாக. பெரியவர்களைவிட அவர்கள்தான் நன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் வழியை நீட்டாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நண்டு வளை அரை மணித்தியாலத்துக்குப் போதும், நிற்க விடுங்கள். கடலில் இறக்குவதென்றால் கசூரினாவில் மட்டும், அங்கும் கையைப் பிடித்துக்கொண்டு. மணற்காட்டுக் கடல் திறந்த கடல், அலையும் இழுவையும் உண்டு. அங்கே கால் நனைக்கவும் நான் விடுவதில்லை.

நெடுந்தீவை ஒரு நாளிலை நடந்து முடிக்கலாமோ?

முடிக்க ஏலாது, முடிக்க நினைக்கவும் வேண்டாம். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம், நிழல் மிகக் குறைவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலமளவில் மாவிலித்துறைக்குப் போய்ச் சேரலாம். படகு நேரம் கடலையும் காலத்தையும் பார்த்து மாறும், ஆகவே முதல் நாளே இறங்குதுறையில் விசாரியுங்கள். கடைசிப் படகின் நேரத்தை மனதில் வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு அன்றைய நடையைத் தீர்மானியுங்கள். படகில் உயிர்காப்பு அங்கி தந்தால் வெட்கப்படாமல் போடுங்கள்.

என் யோசனை, தூர இடங்களுக்கு ஓட்டோ அல்லது சைக்கிள், கிட்டவுள்ள இடங்களுக்குக் கால். பெருக்கமரம் கட்டாயம் பாருங்கள். அடிமரம் உள்ளே கோறையாக, ஆட்கள் நுழைந்து நிற்கக் கூடிய பருமன். அதன் பட்டையில் பெயர் வெட்டியவர்களைப் போல நீங்களும் வெட்டாதீர்கள். ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள், இவற்றையெல்லாம் நடந்து பார்க்கலாம். வேலிக் கல்லைக் கழற்றினால் வரிசையே சரிந்துவிடும், மேலே ஏறி இருக்க வேண்டாம்.

குதிரைகள் தெற்குத் தரவைப் பக்கம் நிற்கும். ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் கொண்டுவந்து வளர்த்தவற்றின் வழிவந்தவை, இப்போது காட்டு விலங்காகத் திரிகின்றன. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவானது. தூரத்தில் நின்று பாருங்கள், துரத்திப் படம் எடுக்க வேண்டாம். கோடையில் அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு. அந்த நேரத்தில் ஓட விட்டால் தாங்காது.

பாம்பு கடிச்சால் என்ன செய்யிறது?

முதலில் கடிபடாமல் பார்ப்போம். எங்கள் மணற்பாங்கான வறண்ட இடங்களில் சுருட்டை உண்டு. சின்னப் பாம்பு, காவோலைக்கும் கல்லுக்கும் கீழே கிடக்கும், செதிலை உரசிச் சரசரவென்று சத்தம் போடும். புடையன், நாகமும் உண்டு. விழுந்து கிடக்கிற காவோலையைக் காலால் புரட்டக் கூடாது, கல்லுக்குக் கீழே கை விடக் கூடாது, இருட்டினால் டோர்ச் இல்லாமல் நடக்கக் கூடாது. மேலே இருட்ட முன்னம் வந்துவிடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடித்தால் ஆளை இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், காப்பு, இறுக்கமான சப்பாத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ தடி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் கிட்டவுள்ளதற்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ போங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. முதலில் பரியாரியிடம் காட்டுவோம் என்று ஒரு மணித்தியாலத்தைத் தொலைக்காதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, தூரத்தில் நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும்.

வழி தவறினால்? போனிலை மாப் பாத்து நடக்கலாம்தானே?

மாப் வீதியைக் காட்டும், சதுப்பைக் காட்டாது. கோடையில் எடுத்த படத்தில் வெட்டையாகத் தெரிகிற இடம் மாரியில் இடுப்பளவு தண்ணீர். குறுக்குவழி தேடாதீர்கள், வந்த தடத்தால் திரும்புங்கள். மீன்பிடிக்கிற ஐயாமாரிடமும் ஆடு மேய்க்கிற அம்மாமாரிடமும் கேளுங்கள். எந்தப் பக்கம் கால் புதையும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மிதிவெடி இன்னும் இருக்கோ? வெளிநாட்டிலை இருந்து வாற பிள்ளையளுக்குச் சொல்லப் பயமாய்க் கிடக்கு.

மறைக்காமல் சொல்லுங்கள். போர் 2009 இல் முடிந்தாலும், முன்னரங்காக இருந்த முகமாலை, கிளாலிப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்து வருகிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு அடித்த கட்டை, நாடா எதைக் கண்டாலும் அதற்கு அப்பால் ஒரு அடி வைக்கக் கூடாது. பலகை விழுந்து கிடக்கலாம், வெள்ளம் மண்ணை அரித்திருக்கலாம். ஆகவே அந்தப் பகுதிகளில் பற்றைக்குள் இறங்குவதே வேண்டாம், சிறுநீர் கழிக்கவும் வீதியோரத்தை விட்டு விலகாதீர்கள்.

நான் இங்கே சொன்ன நடைகள் எல்லாம் ஊர்ச்சனம் நாளாந்தம் புழங்குகிற இடங்கள். அங்கும் ஆள் நடந்த தடத்தை விட்டு விலகுவதில்லை என்பதைப் பழக்கமாக வைத்திருங்கள். துருப்பிடித்த இரும்பு எதுவும் கிடந்தால் தொடாமல், உதைக்காமல், வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து 119 பொலிஸ் இலக்கத்துக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதை வாகனத்தை விட்டு இறங்க முன்னம் சொல்ல வேண்டும். பயமுறுத்தத் தேவையில்லை, வீதியைக் கடக்கச் சொல்லிக் கொடுக்கிற குரலில் சொன்னால் போதும்.

சுண்டிக்குளத்துக்குச் சும்மா போய் இறங்கி நடக்கலாமோ?

ஏலாது. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவான இடம் அது. வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆட்களிடம் கேட்டு, அவர்கள் காட்டுகிற பகுதிக்குத்தான் போக வேண்டும். கண்டி வீதியால் போய்ப் புதுக்காட்டுச் சந்தியில் கிழக்கே திரும்பி மருதங்கேணிப் பக்கமாகக் கடற்கரையோரம் இறங்க வேண்டும். பட்டணத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் முகமாலை வருவதால் மேலே மிதிவெடி பற்றிச் சொன்னதை மறுபடி வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

அங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடனீரேரி, நடுவில் பனையும் பற்றையும். தண்ணீரோரம் இறங்கி நிற்க வேண்டாம், முதலை உள்ள இடம். தனி வாகனத்தில் போக வேண்டாம் என்பதும் என் அபிப்பிராயம். மாரி முடிந்த கையோடு போனால் பறவைக்குக் குறைவிருக்காது. வைகாசியில் போய் வெடித்த சேற்றையும் உப்புப் படலத்தையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்கள் காலம் தவறிப் போனவர்கள்.

நாங்கள் பொம்பிளைப் பிள்ளையள் மட்டும் போகலாமோ?

போகலாம், போகவும் வேண்டும். நாலைந்து பேராக, காலமையில். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். சவுக்கங்காட்டின் உட்பகுதி, ஆளில்லாத கரை என்பவற்றை முதல் நடையில் தவிருங்கள். சரசாலையும் கசூரினாவும் நல்ல தொடக்கம். நம்பிக்கையான ஓட்டோக்கார அண்ணா ஒருவரைப் பிடித்து, திரும்பும் நேரம் வரை நிற்கச் சொன்னால் பாதிக் கவலை தீரும். தனியாகப் போவது பற்றிக் கேட்டால், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பதில்தான். வேண்டாம், கால் பிசகினால் தூக்க ஆள் வேண்டும்.

ட்ரோன் பறக்க விடலாமோ?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் கூடாது. கரையோரங்களில் கடற்படை, இராணுவ முகாம்கள் உண்டு, அவற்றைக் கைத்தொலைபேசியாலும் படம் எடுக்க வேண்டாம். அனுமதி இருந்தாலும் குருவிக்காட்டுக்கு மேலே விடாதீர்கள். பருந்து என்று நினைத்துக் கூட்டம் முழுக்கக் கலையும்.

கண்டல் வெட்டுறதையோ மண் அள்ளுறதையோ கண்டால் நாங்கள் என்ன செய்யிறது?

நேரே போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். உழவு இயந்திரத்தோடு வருகிறவர்கள் தனியே வருவதில்லை. இடம், நேரம், வாகன இலக்கம் குறித்துக்கொண்டு அந்த இடத்தை விட்டு வந்த பிறகு 119 க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். சொல்லி என்ன பிரயோசனம் என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒருவர் சொன்னால் முறைப்பாடு, பத்துப் பேர் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்க ஏலாது. ஆனால் விறகுக்கு உதிர்ந்த கம்பு பொறுக்குகிற ஊர் அம்மாவை இதில் சேர்க்காதீர்கள். அவரையும் உழவு இயந்திரக்காரரையும் ஒரே கண்ணால் பார்ப்பது அநியாயம்.

செல்வச்சந்நிதியிலை இருந்து கதிர்காமம் போற பாதயாத்திரைக்கு இது பயிற்சியாகுமோ?

ஓரளவு ஆகும். அது தொண்டைமானாற்றிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று வாரக் கணக்கில் போகிற நடை. கால் பெரும்பாலும் சூடான தாரைத்தான் மிதிக்கும். கடைசியில் உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்குள் போகிற பாதையை ஆடிவேல் திருவிழாவையொட்டிய சில நாட்களுக்கு மட்டும் திறப்பார்கள். அங்கே யானை, கரடி உள்ள காடு. எங்கள் மணற்காட்டு நடை அதற்கு ஈடாகாது.

ஆனால் தோளில் சுமையோடு மணலில் நடந்து பழகினால் கணுக்கால் உறுதிப்படும், எவ்வளவு தண்ணீர் உங்களுக்கு வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மாசியில் கிழமைக்கு ஒரு நடை என்று தொடங்கி, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தூரத்தைக் கூட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நடை முடிந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கொப்புளம் அவர்களுக்குத் தெரியாமலே வரும். யாத்திரைக்குப் போடப் போகிற அதே செருப்பையோ சப்பாத்தையோ போட்டு நடவுங்கள். வெறுங்காலோடு போகிற நேர்த்தி என்றால், காலமை ஆறு மணித் தாரில் தொடங்கிப் பத்து மணித் தாருக்கு மெல்ல மெல்லப் பழக்குங்கள்.